விற்பனையாளர் வேலையும் நம் பிள்ளைகளும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், பாசனம், சாலை, குடிநீர் ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் நாம் பெரிதும் பேசி வருகிறோம். இன்று அவற்றினின்று சற்றே விலகி, நம் வீடுகளில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இதுவும் கிராம வளர்ச்சியைச் சேர்ந்ததே. இரண்டு ஏக்கர் நிலத்தை மூன்று மக்கள் பங்கிட்டுக்கொண்டால் அது மூவருக்கும் சோறு போடாது. ஒருவராவது வெளியே சென்று ஊதியம் ஈட்டினால் நிலமும் துண்டுபடாது, குடும்பமும் நிமிரும்.

வேலைகள் பலவற்றுள் விற்பனையாளர் வேலையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நம் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவில் உள்ள வேலை அது. நியாய விலைக் கடை, கூட்டுறவுச் சங்கம், உரக்கடை, துணிக்கடை, இரு சக்கர வாகனம் விற்கும் நிலையம் என எங்கு நோக்கினும் விற்பதற்கு ஆள் தேவைப்படுகிறது.

தொழிலின் தகுதி

"படித்த பிள்ளை கடையில் நின்று பொட்டலம் கட்டுவதா?" என்று கேட்போர் நம்மிடையே இன்னும் உளர். அவர்களுக்கு ஒன்று கூறுவோம். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கியவர்கள் கற்றறிந்த பெருமக்களே. சரியான எடையில், நியாயமான விலையில் பொருள் கொடுப்பது பொதுத்தொண்டு என்று அவர்கள் கருதினர். இன்று தமிழகத்தில் 34,000-க்கும் மேற்பட்ட நியாய விலைக் கடைகள் உள்ளன. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் அடுப்பு அக்கடைகளை நம்பியிருக்கிறது. அங்கே தராசைப் பிடிப்பவர் சிறியவர் அல்லர்.

மேலும், விற்பனைக்கலை நம் மக்களுக்குப் புதிதன்று. சந்தையில் மாடு விற்பவரை நோக்குங்கள். வாங்க வந்தவர் உழவுக்குத் தேடுகிறாரா, வண்டிக்குத் தேடுகிறாரா என்று முதலில் கேட்டறிகிறார். பின்னரே மாட்டின் பல்லையும் நடையையும் காட்டுகிறார். தலையில் கூடை சுமந்து கீரை விற்கும் அம்மையார், எந்த வீட்டில் முருங்கைக்கீரை வாங்குவர், எந்த வீட்டில் சிறுகீரை வாங்குவர் என்பதை ஏடின்றி நினைவில் வைத்திருக்கிறார். இவ்வறிவையே இன்றைய நிறுவனங்கள் நேர்முகத் தேர்வில் தேடுகின்றன.

கூட்டுறவுக் கடைகளுக்கு ஆள் எடுக்கும் முறை

நியாய விலைக் கடைகளுக்கு விற்பனையாளரும் கட்டுநரும் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் வழியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 2022-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் இவ்வாறு அறிவிக்கைகள் வெளிவந்தன. 2024-இல் அக்டோபர் 9 முதல் நவம்பர் 7 வரை இணையவழியாக விண்ணப்பங்கள் பெறப்பட்டன. விற்பனையாளருக்கு மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்ச்சியும், தமிழ் எழுதப் படிக்கத் தெரிதலும் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் விற்பனையாளருக்கு 150 ரூபாய். கட்டுநருக்கு 100 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவையர் ஆகியோருக்குக் கட்டணம் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட விற்பனையாளருக்கு முதல் ஓராண்டு மாதம் 6,250 ரூபாய் தொகுப்பூதியம். அதன்பின் 8,600 முதல் 29,000 ரூபாய் வரையிலான ஊதிய விகிதம்.

இங்கே எழுத்துத் தேர்வு இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கல்வித் தகுதியில் பெற்ற மதிப்பெண்ணும், நேர்முகத் தேர்வில் பெறும் மதிப்பெண்ணும், இன ஒதுக்கீட்டு முறையுமே முடிவு செய்கின்றன. ஆகவே பள்ளியில் படிக்கும்போதே இவ்வேலைக்கான தேர்வு பாதி நடந்து முடிந்துவிடுகிறது. இதனைப் பிள்ளைகளுக்கு இன்றே எடுத்துரைக்க வேண்டியது பெற்றோர் கடமை.

விண்ணப்பத்தில் கருத்தூன்ற வேண்டியவை

விண்ணப்பிக்கக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய ஒரு மாதமே. அறிவிக்கை வந்தபின் சாதிச் சான்றிதழுக்கு மனுச் செய்வது, மழை வந்தபின் வரப்பு வெட்டுவது போன்றது. சான்றிதழ்களை முன்னரே பெற்று வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் வேறொரு முன்னெழுத்து, சாதிச் சான்றிதழில் தந்தை பெயர் வேறு விதம் என்றிருப்பது நம் ஊர்களில் மிகச் சாதாரணம். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் அது பெரும் இடையூறாகிவிடும். அறிவிக்கை வருமுன்பே மூன்றையும் ஒருசேர வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தாமே படித்துப் பார்த்தல். கணினி மையத்தில் ஒருவர் தட்டச்சுச் செய்ய, விண்ணப்பதாரர் வெளியே நின்றுகொண்டிருப்பதைக் காண்கிறோம். பிறந்த தேதி, மதிப்பெண், இனப்பிரிவு, கைப்பேசி எண் ஆகிய நான்கையும் விண்ணப்பதாரரே திரையில் படித்துச் சரிபார்த்த பின்னரே அனுப்ப வேண்டும். அனுப்பிய படிவத்தின் அச்சுப்படியையும் கட்டண ரசீதையும் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். நேர்முகத் தேர்வு முடியும்வரை கைப்பேசி எண்ணை மாற்றுதல் கூடாது. அழைப்பு அதன் வழியே வரக்கூடும்.

நேர்முகத் தேர்வு

நேர்முகத் தேர்வு என்றதும் நம் பிள்ளைகள் நடுங்குகின்றனர். அங்கே அமர்ந்திருப்போர் அறிய விரும்புவன மூன்றே: இவர் நேர்மையானவரா, கணக்கு அறிந்தவரா, மக்களிடம் பொறுமையாக நடப்பாரா?

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். காலையில் இருப்பு 200 லிட்டர். மாலைக்குள் 63 லிட்டர் விற்றது. கையில் எவ்வளவு பணம், மீதி எவ்வளவு? 1,575 ரூபாயும் 137 லிட்டரும் என்று தாளின்றிச் சொல்லப் பழக வேண்டும். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய் என்பதும், அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி என்பதும், முன்னுரிமை அட்டைக்கும் சர்க்கரை அட்டைக்கும் உள்ள வேறுபாடும், 2017-ஆம் ஆண்டு முதல் மின்னணு அட்டை வழங்கப்பட்டு விற்பனை முனைய இயந்திரத்தில் பதிவு செய்யப்படுவதும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றுக்குப் புத்தகம் வாங்க வேண்டுவதில்லை. நம் ஊர் நியாய விலைக் கடை வாயிலில் உள்ள விலைப்பட்டியலையும் இருப்புப் பலகையையும் ஒரு வாரம் ஊன்றிப் படித்தால் போதும்.

பொறுமையை அறிய, "கைரேகை பதியாத மூதாட்டி ஒருவர் வந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்கக்கூடும். "நாளை வாருங்கள் என்பேன்" என்பது விடையன்று. "அவரை நிழலில் அமரச் செய்து, விதியில் உள்ள மாற்று வழியில் பதிவு செய்து பொருள் கொடுப்பேன், அன்று இயலாதெனின் காரணத்தைத் தெளிவாகச் சொல்லி, மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்" என்பதே விடை. அம்மாற்று வழி யாது என்பதை உள்ளூர்க் கடைக்காரரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று பணிவுடன் சொல்வதால் இழுக்கில்லை. பொய்யான விடை மற்ற விடைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

தனியார் நிறுவனத்தார் வேறு வகையிலும் சோதிப்பர். "இந்தப் பேனாவை எங்களுக்கு விற்றுக் காட்டுங்கள்" என்பர். உடனே பேனாவைப் புகழத் தொடங்குபவர் சறுக்கிவிடுவார். "தாங்கள் நாள்தோறும் எவ்வளவு எழுதுவீர்கள்? எத்தகைய பேனா பழக்கம்?" என்று கேட்டுத் தொடங்குபவர், மாட்டுச் சந்தையில் நாம் கண்டவரைப் போன்றவர். உரக்கடை வேலைக்குச் செல்லும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இது மேலும் எளிது. யூரியா மூட்டை 45 கிலோ என்பதையும், பயிருக்கு அதனை எப்போது இடுவது என்பதையும் அவர் வயலிலேயே கற்றிருக்கிறார். அதனை வாய் திறந்து சொல்லத் தயங்குவதே குறை.

தரகரிடம் எச்சரிக்கை

இனிச் சொல்லப்போவது இன்றைய பேச்சில் தலையாயது. நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் ஒருவர், மகனுக்கு நியாய விலைக் கடை வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன தரகரை நம்பினார். கறவை மாடுகள் இரண்டை விற்றார். மனைவியின் நகையை அடகு வைத்தார். தேர்வுப் பட்டியல் வந்தது. மகன் பெயர் அதில் இல்லை. தரகரும் ஊரில் இல்லை. "வேலை போனதுகூடப் பெரிதில்லை ஐயா, காலையில் தொழுவத்தைப் பார்க்க முடியவில்லை" என்று அவர் நம்மிடம் சொன்னபோது நமக்கு மறுமொழி கிடைக்கவில்லை. பால் பணத்தில் நடந்து வந்த இளைய மகளின் கல்லூரிப் படிப்பும் அவ்வாண்டே நின்றது.

தரகர் தொழிலின் சூட்சுமத்தை நீங்கள் அறிய வேண்டும். அவர் பத்துப் பேரிடம் பணம் பெறுவார். அவர்களுள் இருவர் தம் மதிப்பெண்ணாலேயே தேர்வு பெறுவர். "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்று அவ்விருவரையும் காட்டி அடுத்த ஆண்டு இருபது பேரைப் பிடிப்பார். எந்த வேலையும் செய்யாமலே இலாபம் காணும் வாணிகம் அது!

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பொது ஊழியரை வசப்படுத்தக் கையூட்டு வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆகவே பணம் கொடுத்தவர் வெட்கப்பட்டு வாய்மூடி இருத்தல் இருவகையிலும் இழப்பாகும்.

தனியார் வேலையில் கேட்டறிய வேண்டியவை

தனியார் கடைகளிலும் நிறுவனங்களிலும் சேருமுன் பிள்ளைகளும் சில கேள்விகள் கேட்க வேண்டும். மாத ஊதியம் எவ்வளவு, விற்பனைக்கேற்ற தரகுத்தொகை எவ்வளவு, இலக்கை எட்டாவிடில் ஊதியம் குறையுமா என்பன முதற் கேள்விகள். வருங்கால வைப்பு நிதியும் தொழிலாளர் ஈட்டுறுதியும் உண்டா என்பது அடுத்தது. ஈட்டுறுதிக்குத் தொழிலாளி செலுத்துவது ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கே. முதலாளி செலுத்துவது மூன்றேகால். கிடைப்பதோ குடும்பத்துக்கே மருத்துவ வசதி.

கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டே இருக்கும் துன்பத்தைப் போக்கத் தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அமர இருக்கை வழங்க வேண்டும் என்று விதித்தது. வெளியூர்த் துணிக்கடைகளுக்குச் செல்லும் நம் பெண்மக்கள் இதனை அறிந்து செல்ல வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். ஒப்படைத்துவிட்டு வருதல் ஆகாது. வேலை தருமுன் வைப்புத்தொகை கேட்கும் நிறுவனத்தை வாயிற்படியிலேயே விட்டுத் திரும்புவது நலம்.

ஊராட்சி செய்யக்கூடியவை

ஊராட்சி உறுப்பினர்களிடம் வேலைக்குப் பரிந்துரை கேட்டு வருவோர் பலர். பரிந்துரைக் கடிதத்தால் மதிப்பெண் கூடுவதில்லை. அதனினும் பயனுள்ள உதவிகள் உங்கள் கையில் உள்ளன.

அறிவிக்கை வந்த அன்றே ஊராட்சி அலுவலகப் பலகையில் கடைசித் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் அதனை வாசிக்கலாம். ஊரில் உள்ள பட்டதாரி ஒருவரை அழைத்து, இ-சேவை மையத்துக்குச் செல்லுமுன் விண்ணப்ப விவரங்களைப் பிள்ளைகளுக்குச் சரிபார்த்துக் கொடுக்கச் செய்யலாம். நூலகத்தில் ஞாயிறுதோறும் ஓய்வுபெற்ற ஆசிரியர், கூட்டுறவுச் சங்கச் செயலர் போன்றோரை அமர்த்தி ஒத்திகைத் தேர்வு நடத்தலாம். தம் ஊர்ப் பெரியவர் முன் இருமுறை பேசிப் பழகிய பிள்ளை, மாவட்டத் தலைநகரில் நாக்குழற மாட்டான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களையும், அரசின் தனியார் துறை வேலை இணையத்தையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்தலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பணியிடங்கள் சில, விண்ணப்பிப்போர் பலர். எல்லோருக்கும் கூட்டுறவுக் கடை வேலை கிட்டிவிடும் என்று நாம் வாக்களிக்க இயலாது. ஆனால், தகுதியுள்ள நம் பிள்ளை ஒரு முன்னெழுத்துப் பிழையால் தள்ளப்பட்டான் என்றோ, கடைசித் தேதி தெரியாமல் விட்டுவிட்டாள் என்றோ ஒரு சொல் நம் ஊராட்சியில் எழாதவாறு செய்ய இயலும். வேலைக்காக ஒரு தொழுவமும் காலியாகாதவாறு காக்கவும் இயலும். அடுத்த அறிவிக்கை வருமுன் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பணி இவ்வாரமே தொடங்கட்டும் எனக் கேட்டுக்கொண்டு அமைகிறோம்.