"தெரிந்து" என்றால் என்ன?

(கேளம்பாக்கத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் ஒரே ஒரு சொல்லைப்பற்றிப் பேச வந்திருக்கிறோம். "தெரிந்து" என்பது அது. நாம் பண்டிதரல்ல, பரீட்சை கொடுத்துத் தமிழ் படித்தவருமல்ல. ஆனாலும் இந்தச் சொல் நம் வீட்டுக்குள் புகுந்து செய்கிற காரியம் பெரிதாயிருப்பதால் பேசவேண்டியிருக்கிறது.

திருக்குறளில் தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று 3 அதிகாரங்கள், அதாவது 30 குறள்கள், இச்சொல்லின் பேராலேயே இருக்கின்றன. அங்கே அதற்கு வெறுமனே "அறிந்து" என்பது பொருளல்ல; ஆராய்ந்து, இது வேண்டும் இது வேண்டாமென்று பிரித்து என்பதே பொருள். குறளுக்குள் மனுவைப் புகுத்தியவரென்று நம்மவர்கள் கண்டிக்கிற பரிமேலழகரே இந்த இடத்தில் ஆராய்தல் என்றுதான் பொருள் கொண்டார். தமிழ் பைபிளில் "தெரிந்துகொள்ளப்பட்டவர்" என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இலங்கைத் தமிழர் இன்றும் தேர்ந்தெடுப்பதை "தெரிவு செய்தல்" என்கிறார்கள். நமக்கோ, யாரோ சொன்னது காதில் விழுந்தாலே "தெரிந்து"விட்டதாகிவிடுகிறது!

இவ்வூர் உப்பளத்தில் பாடுபட்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நீரை எந்தப் பாத்திக்கு எப்போது திருப்புவதென்று நீரையும் வெயிலையும் பார்த்தல்லவா முடிவு செய்தீர்கள்? பஞ்சாங்கத்தைப் பார்த்தா உப்பு வாரினீர்கள்? அதுதான் தெரிந்து செய்வது. அதே மனிதர் மகள் கலியாணமென்றால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியன் வீட்டுக்கு ஓடுவானேன்?

சென்ற வாரம் இப்பக்கத்துத் தோழர் ஒருவர், "எல்லாம் தெரிந்துதான் சம்பந்தம் முடித்தோம்" என்றார். என்ன தெரிந்தீர் என்றோம். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறதாம். பையன் குடிப்பானா, கடன் உண்டா, உடம்பு எப்படி என்றால், அதெல்லாம் விசாரிக்கவில்லையாம். நல்ல குடும்பமென்று சொன்னார்களாம். பெண்ணைக் கேட்டீரா என்றோம். "சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். அந்தச் சின்னப் பெண்ணுக்கு வயது 23. ஒரு கம்பெனியில் அத்தனை பேருக்கும் சம்பளக் கணக்குப் போடுகிறாள்!

1929 பிப்ரவரியில், பக்கத்துச் செங்கற்பட்டில், தோழர் சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டிலேயே, ஆணும் பெண்ணும் ஜாதி பேதமின்றித் தங்கள் துணையைத் தாங்களே தேர்ந்துகொள்ள உரிமை வேண்டுமென்று தீர்மானித்தாயிற்று. வள்ளுவர் அந்த அதிகாரங்களை அரசனை நினைத்து எழுதினார். அரசன் போய்விட்டான், ஓட்டுப் போடுகிற பெண் வந்துவிட்டாள். தெரிதல் அவளுக்கு மட்டும் ஏன் கூடாது?

இதையெல்லாம் அந்தத் தோழரிடமும் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டதே" என்றார். காகிதந்தானே, அச்சுக்காரர் கூலியைக் கொடுத்துவிடும் என்றோம். பெண்ணைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.