பிரமதண்டு

தைப்பனி நீங்கும் நாளில் தாம்பரத்தை அடுத்த வெற்று மனைகளையும் வற்றிய ஏரிக்கரைகளையும் பாருங்கள். மஞ்சள் மலர் ஏந்திய முட்செடி ஒன்று நிற்கும். இலையில் வெள்ளைக் கோடுகள். கிள்ளினால் மஞ்சள் நிறப் பால். இதுவே நான் இன்று கூறவந்த பிரமதண்டு.

பெயர் நம் நாட்டுப் பெயராயினும் செடியின் தாயகம் வட அமெரிக்காவைச் சேர்ந்த மெக்சிகோ. எவரும் இதைப் பயிரிடுவதில்லை. காய் முற்றி வெடிக்க, கடுகையொத்த விதைகள் சிதறுகின்றன. அவை மண்ணில் உறங்கிக் கிடந்து, மழை ஓய்ந்து குளிரும் காலத்தில் முளைக்கின்றன.

கடல் கடந்து வந்த இச்செடியையும் நம் முன்னோர் மருந்தாக்கினர். செடியைச் சுட்ட சாம்பலால் பல் துலக்கினர். பாலை மருவின்மீது தடவினர்.

ஆனால் விதையின் எண்ணெயில் சாங்குவினரின் என்னும் நஞ்சு உண்டு. அது கடுகெண்ணெயில் கலந்தால், உண்டவர்க்குக் கால் வீங்கும், மூச்சுத் திணறும், இதயம் தளரும். இந்நோய் 1877இல் கல்கத்தாவில் கண்டறியப்பட்டது. 1998இல் தில்லியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இதனால் மாண்டனர்.

கடுகு ஏறக்குறைய வழவழப்பானது. பிரமதண்டு விதையோ வலை பின்னியது போன்று சொரசொரப்பானது. கலப்படமான எண்ணெயுடன் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்தால் செம்பழுப்பு நிறம் தோன்றும். உங்கள் ஆசிரியர் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டக்கூடும்.

மருந்தாகக் கொள்ள விரும்புவோர் தாமே பறித்து உண்ணலாகாது. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அருகிலேயே இருக்கிறது; கற்றறிந்த மருத்துவரைக் கேளுங்கள். நீங்களோ பூவைக் கண்டு மகிழுங்கள்; விதையை இனம் கண்டு, வீட்டாருக்கும் சொல்லுங்கள்.