பனிக்கடலுக்கு மேலே பறந்தவர்கள்

(கள்ளக்குறிச்சியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கடல் உறையுமா என்று நம்மில் பலர் கேட்கலாம். உறையும். நல்ல தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் கட்டியாகிறது. உப்புத் தண்ணீர் அதற்கும் கீழே, மைனஸ் 1.8 டிகிரி வாக்கில் கட்டியாகிறது. வட துருவத்தைச் சுற்றியும் தென் துருவத்தைச் சுற்றியும் குளிர்காலத்தில் கடலின் மேல்மட்டம் ஓராள் உயரக் கனத்துக்குக்கூட இறுகிவிடுகிறது. 1912ல் டைட்டானிக் கப்பலை மூழ்கடித்த பனிமலை வேறு. அது நிலத்துப் பனியாறு உடைந்து கடலில் விழுந்த கட்டி. நாம் பேசுவது கடலே உறைந்த பாளத்தைப் பற்றி. இது ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் தள்ளும், வெடிக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி மேடு கட்டும். நேற்று வழி இருந்த இடத்தில் இன்று வழி இராது. நடுவே மாட்டிக்கொண்ட கப்பலை இரண்டு பக்கமும் நெருக்கிக் கரும்பைப் போல நசுக்கிவிடும்.

செல்யூஸ்கின் என்ற சோவியத் கப்பல் 1934 பிப்ரவரி 13ல் இப்படித்தான் நசுங்கி மூழ்கியது. நூற்று நான்கு பேர் பனிப்பாளத்தின்மேல் கூடாரம் அடித்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்களும் உண்டு, கைக்குழந்தையும் உண்டு. விமானம் வந்து இறங்க வேண்டுமானால் சமதரை வேண்டும். மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு பனியைச் செதுக்கித் தளம் போடுவார்கள், பாளம் வெடித்துத் தளம் பிளந்துபோகும், மறுபடியும் போடுவார்கள். மார்ச் 5ந் தேதி லியாபிதேவ்ஸ்கி என்ற விமானி வந்து இறங்கிப் பெண்களையும் குழந்தைகளையும் தூக்கிச் சென்றார். கடைசி ஆள் கரை சேர்ந்தது ஏப்ரல் 13ல். விமானிகளின் பெயரை உலகம் அறியும். தளம் செதுக்கிய கைகளையும் நாம் மறக்கலாகாது.

இந்தக் கடலில் கப்பல் விடுகிறவனுக்கு முன்னே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கப்பலின் மேல்தட்டில் நின்றால் சில மைல்தான் கண்ணுக்கு எட்டும். ஆகவே மேலே போனார்கள். துருவப் பிரதேசத்தில் முதன்முதலில், 1914ல், விமானம் ஓட்டியவர் நகூர்ஸ்கி. காணாமற்போன ஒரு பயணக் குழுவைத் தேடிப் பறந்தார். 1924ல் சுக்னோவ்ஸ்கி என்ற சோவியத் விமானி கப்பல்களுக்கு வழி பார்ப்பதற்கென்றே பனிக்கு மேலே பறந்தார். பின்னர் அது ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

அந்தத் தொழிலைப் பாருங்கள். மேகத்துக்குக் கீழே, சில நூறு மீட்டர் உயரத்தில் விமானம் மணிக்கணக்காகப் பறக்கும். பனி பார்ப்பவர் கண்ணாடிச் சன்னல் அருகே உட்கார்ந்து, மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, வர்ணப் பென்சிலால் குறித்துக்கொண்டே வருவார். கடற்பரப்பைப் பத்துப் பங்காக எண்ணி, அதில் எத்தனை பங்கு பனி மூடியிருக்கிறது என்று எழுதுவார். புதுப்பனி கறுத்துச் சாம்பல் நிறமாயிருக்கும். ஒரு குளிர்காலம் கண்ட பனி வெளுத்திருக்கும். பல வருஷத்துப் பழம்பனி நீலம் பாய்ந்து, மேடுகள் மழுங்கித் தெரியும். தூரத்தில் பனி இருக்கிறதா, திறந்த நீர் இருக்கிறதா என்பதை மேகமே காட்டிக்கொடுக்கும். பனிக்கு மேலே நிற்கும் மேகத்தின் அடிப்பக்கம் வெளிறி மின்னும். திறந்த நீருக்கு மேலே நிற்பது கறுத்திருக்கும். தூரத்து மின்னலைப் பார்த்து எந்தப் பக்கம் மழை என்று சொல்லும் நம் கிழவர்களுக்கு இந்தக் கலை புரியும். வரைந்த படத்தை ஒரு குழாயில் அடைத்துக் கப்பல்மேல் தாழப் பறந்து போட்டுவிட்டுப் போவதும் உண்டு. ரேடியோவில் சொல்வதும் உண்டு.

ஆனால் மேலிருந்து பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. கல்வராயன் மலைமேல் ஏறும்போது கீழே கோமுகி அணையைப் பார்த்தவர்கள் தண்ணீர் எதுவரை பரவியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அடியில் எத்தனை அடி வண்டல் படிந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? அறுத்து முடிந்த சாமைக் கொல்லை மேலிருந்து பார்த்தால் தரிசாகத்தான் தெரியும். தரிசு என்று எழுதிவிட்டால் பாடுபட்ட குடும்பத்தின் கதி என்ன? 1976ல்தான் ஜாகீர்தார்களின் பிடி விட்ட மலை அது. அங்கேயிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

1928ல் நடந்ததைச் சொல்கிறோம். இத்தாலியா என்ற ஆகாயக் கப்பல் மே 25ல் பனிமேல் விழுந்து நொறுங்கியது. தேடப்போன கிராசின் என்ற பனி உடைக்கும் கப்பலிலிருந்து ஜூலை 10ல் சுக்னோவ்ஸ்கி பறந்தார். ஒரு சிறு பாளத்தின்மேல் ஆட்களைக் கண்டார். மூன்று பேர் என்று செய்தி அனுப்பினார். திரும்பும்போது மூடுபனி, கப்பல் தெரியவில்லை. வேறிடத்தில் பனிமேல் இறக்கியதில் விமானம் சேதப்பட்டது. அங்கிருந்து ரேடியோவில் அவர் சொன்னது என்ன? முதலில் அந்த ஆட்களைக் காப்பாற்றுங்கள், எங்களைத் தேடி வருவது பிறகு ஆகட்டும் என்பதுதான். 12ந் தேதி கிராசின் அந்தப் பாளத்தை அடைந்தது. இருந்தவர்கள் இருவர். மூன்றாவது ஆளாகத் தெரிந்தது பனியில் விரித்துப் போட்டிருந்த துணி என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அவர்களோடு புறப்பட்ட மால்ம்கிரன் என்ற விஞ்ஞானி வழியிலேயே நடக்கமாட்டாமல் விடப்பட்டு இறந்துபோயிருந்தார். தேர்ந்த கண்ணுக்கும் வானத்திலிருந்து துணி மனிதனாகத் தெரிகிறது. விமானம் இடத்தைக் காட்டியது. உண்மை தெரியக் கப்பல் போக வேண்டியிருந்தது.

பனியின் கனத்தை அளப்பதும் இதே கதைதான். மிதக்கும் பாளத்தில் பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் நீருக்கு மேலே நிற்கும். ஆகவே விமானத்திலிருந்து லேசர் ஒளியை அடித்து, மேலே நிற்கும் உயரத்தை அளந்து கணக்குப் போடுகிறார்கள். மேலே கிடக்கும் தூவல்பனி கணக்கைக் கெடுக்கும். மேலே ஒரு சாண் தவறினால் அடியில் பல சாண் தவறும். இன்னொரு முறையும் உண்டு. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் ஒரு நீளக் கருவியைத் தொங்கவிட்டு இழுத்துச் செல்வார்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், பனி அப்படிக் கடத்தாது. ஆகவே நீர் எத்தனை ஆழத்தில் தொடங்குகிறது என்று கருவி சொல்லிவிடும். இருந்தும் என்ன? கணக்கு சரியா என்று பார்க்க ஓர் ஆள் பனிமேல் இறங்கித் துளையிட்டு அளவுகோலை விட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

நமது நாடும் இந்த வேலையில் இறங்கியிருக்கிறது. 1981 டிசம்பர் 6ல் காசிம் என்ற விஞ்ஞானியின் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து போலார் சர்க்கிள் என்ற கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9ல் தென் துருவக் கண்டத்தில் கால் வைத்தார்கள். ஹெலிகாப்டர்களும் கூடவே போயின. பனிக்கடலில் கப்பலுக்கு முன்னே பறந்து வழி பார்ப்பது ஹெலிகாப்டரின் வேலை. இன்று மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் அங்கே நமக்கு இருக்கின்றன. 2025 ஜூலை 30ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோளின் ரேடார், மேகம் மூடினாலும் இருட்டானாலும் பனியைப் பார்க்கும். துருவத்தில் மாதக்கணக்கில் சூரியனே எழாது அல்லவா? கண்ணால் பார்த்தவர்களுக்கு அதுதான் பெரிய தடையாயிருந்தது.

இப்படியெல்லாம் அளந்து கண்டது என்ன? 1980 வாக்கில் வட துருவக் கடலில் கோடை முடிந்த செப்டம்பரிலும் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி கிடந்தது. அதாவது இரண்டு இந்தியா. 2012 செப்டம்பரில் மிஞ்சியது சுமார் 34 லட்சம், ஒரு இந்தியா. வெள்ளைப் பனி வெயிலைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். கருங்கடல் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை, மிச்சத்தை விழுங்கிச் சூடேறுகிறது. சூடேறிய கடல் இன்னும் பனியைத் தின்கிறது. பனி விலகிய வழியில் சரக்கு ஓட்டவும் எண்ணெய் தோண்டவும் பெரிய கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன. அவர்கள் கணக்கு வேறு.

மிதக்கும் பனி உருகினால் கடலூர் முழுகுமா என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கேட்டிருக்கிறார். இந்தப் பனி ஏற்கனவே தண்ணீரில் மிதப்பது. உருகினால் மட்டம் உயருவது மிக அற்பம். கடலை உயர்த்துவது கிரீன்லாந்திலும் தென் துருவத்திலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகுவதும், சூட்டில் கடல்நீர் விரிவதும்தான். ஆனால் கடற்பனி குறைவது காற்றின் போக்கை மாற்றக்கூடும். நம் பருவமழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நமது விஞ்ஞானிகள் ஆராய்ந்துவருகிறார்கள். அதற்காக வட துருவத்தருகே 2008ல் ஹிமாத்ரி என்ற நிலையம் திறந்து, 2014ல் அங்குள்ள கடல் கழியில் நீருக்கடியில் ஒரு கருவியையும் நிறுத்தினார்கள். ஆனி ஆடியில் மலைமேல் சாமை விதைப்பவனும், ஐப்பசி மழையை நம்பிக் கீழே நடவு நடுபவனும் அந்த ஆராய்ச்சியில் பங்காளிகள்.