கதவு சாத்திய நாட்களில் கர்ப்பத்தடை

(மும்பையில் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பொதுமேடையில் பேச நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? கேட்ட நேரத்தில் கதவைச் சாத்தியவர்கள் அல்லவா வெட்கப்பட வேண்டும்!

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு வந்தது. நள்ளிரவில் நாடு முடங்கியது. இரயில் இல்லை, பஸ் இல்லை, கூலி இல்லை. ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஒற்றை அறைக்குள் குடும்பங்கள் அடைபட்டன. நாம் சோற்றுக்கு வரிசையில் நின்றதை நாடு பார்த்தது. கர்ப்பத்தடைக்கு வழியின்றி நம் பெண்கள் தவித்ததை யார் பார்த்தார்கள்?

டாக்டர்களும் நர்சுகளும் கொரோனா வார்டுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வீடு தேடி வந்து மாத்திரையும் நிரோத்தும் கொடுத்த ஆஷா ஊழியர்கள் காய்ச்சல் கணக்கெடுக்கப் போனார்கள். கருத்தடை ஆபரேஷன் முகாம்கள் நின்றன. காப்பர்-டி போடுவதும் பல இடங்களில் நின்றது. மருந்துக்கடை திறந்திருந்தாலும் கையில் காசில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போய், அங்கேயே ஆபரேஷனும் செய்துகொண்டு திரும்புவது நம்மில் பலரின் வழக்கம். இரயில் நின்றதும் அந்த வழியும் அடைபட்டது. இனப்பெருக்க நலம் அத்தியாவசியச் சேவை என்று 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் எழுதத்தான் செய்தது. காகிதத்தில் இருந்தது வாசலுக்கு வரவில்லை.

விளைவு என்ன? 2 கோடியே 56 இலட்சம் தம்பதிகளுக்குக் கருத்தடைச் சாதனம் கிட்டாமல் போகும், விரும்பாத கர்ப்பங்கள் சுமார் 23 இலட்சத்து 80 ஆயிரம் கூடும் என்று எஃப்.ஆர்.எச்.எஸ். இந்தியா என்ற தொண்டு நிறுவனம் 2020 மே மாதம் மதிப்பிட்டது. கருக்கலைப்புக்கோ காலம் காத்திருக்காது. மாத்திரையால் கலைக்க 9 வாரம் வரைதான் அனுமதி. அதன்பின் ஆஸ்பத்திரிச் சிகிச்சைதான். 20 வாரம் கடந்தால் சட்டத்தின் வழியும் குறுகிவிடுகிறது. மூன்று மாதம் கதவைச் சாத்தி வைத்தால் அந்தப் பெண் எங்கே போவாள்?

தோழர்களே, பழைய கதை ஒன்றையும் மறக்கக் கூடாது. அவசரநிலைக் காலத்தில், 1976-77 ஓராண்டில் மட்டும், 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. இலக்கை எட்டுவதற்காக ஏழைகளை வளைத்துப் பிடித்தார்கள். அன்று வேண்டாம் என்றவரை இழுத்துப் போனார்கள்; 2020இல் வேண்டும் என்றவரைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறையும் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கர்ப்பத்தடை நாட்டின் தலைக்கணக்குக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்று ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் வாதிட்டார். நமது நிலையும் அதுவே.

ஆகவே நாம் கேட்கிறோம்: மீண்டும் ஒரு தொற்று வந்தால் கருத்தடைப் பிரிவும் கருக்கலைப்புப் பிரிவும் மூடப்படக் கூடாது. மூன்று மாத மாத்திரையை முன்கூட்டியே வீட்டில் கொடுக்க வேண்டும். உள்ளூர் ரேஷன் கார்டு இல்லை என்று ஊர்விட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

தாய்மார்களே, மாலா-என் மாத்திரை, சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி ஆகியவை அரசு மருத்துவமனைகளில் இலவசம். கேட்டு வாங்குங்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்ட குடும்பங்களோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.3 விழுக்காடுதான்! ஆணுக்கான ஆபரேஷன் சிறியது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அன்றே வீடு திரும்பலாம். அரசைக் கேள்வி கேட்கும் நாம், நம் வீட்டிலும் இந்தக் கணக்கைச் சரிசெய்வோம்.