ஊசி வாங்கித் தந்த நிலம்



மகளிர் கைவினை பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதற்காக உங்களை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு அழைத்துப் போகிறேன்.

ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஊர் ஜீஸ் பெண்ட். பருத்திப் பண்ணை அடிமைகளின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். அங்கே பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. யாருடைய பெயர் அது? அவர்களுடைய முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த பண்ணைக்காரனின் பெயர்!

வாக்காளராகப் பதிய அவர்கள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கேம்டனுக்குப் போகவேண்டியிருந்தது. 1962-இல் அக்கரைக்குப் போகும் படகை நிறுத்திவிட்டார்கள். சாலை வழியே சுற்றிப்போனால் ஒரு மணி நேரம். 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கே வந்து பேசினார். மக்கள் துணிந்து பதிந்தார்கள். அந்த வட்டாரத்தில் அப்படிப் பதிந்த பல குடும்பங்களைக் குடியிருந்த வீட்டிலிருந்து துரத்தினார்கள்.

அந்த ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போர்வை தைத்தவர்கள். குளிருக்கு வேறு வழி இல்லை. காட்டுவேலையில் நைந்த கால்சட்டையும் மாவுச் சாக்கும்தான் அவர்களுக்குத் துணி. அந்தப் போர்வையைக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். முழங்கால் தேய்ந்த இடம் வெளுத்திருக்கும். பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலச் சதுரமாக நிற்கும். 1942-இல் மிசூரி பெட்வே என்ற அம்மையார், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டியே ஒரு போர்வை தைத்தார். அதற்குமேல் நான் என்ன சொல்ல!

1965 டிசம்பரில் பிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் போனபோது கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டார். போர்வைக்கு 10 டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1966 மார்ச்சில் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற பெண்களின் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் அதை நடத்தினார். பெரிய கடைகள் தேடிவந்தன.

வந்த பணத்தில் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? 23 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். தையல் கூடம் கட்டினார்கள். ஓட்டுக்காகத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு அந்த நிலத்திலேயே மனை விற்றார்கள். அருங்காட்சியகங்கள் ஜீஸ் பெண்ட் போர்வைகளைக் கொண்டாடத் தொடங்கியது 2002-இல். படகு திரும்பி வந்தது 2006-இல். சங்கம் 2012-இல் மூடப்பட்டது. எனக்கு அந்த 23 ஏக்கர்தான் பெரிது.

இனி ஒரு பெண்ணின் கைவேலையைப் பாராட்டும்போது, அவள் குடியிருக்கும் மனை யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.