உடையார்குடிச் சுவரில் ஒரு கிரயப் பத்திரம்

சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாகத் தென்மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் போனால் காட்டுமன்னார்கோயில். வழிநெடுக வயல். ஊரைத் தாண்டி லால்பேட்டைப் பக்கம் போனால் வீராணம் ஏரியின் கரை. கொள்ளிடத்துத் தண்ணீரை வடவாறு கொண்டுவந்து நிரப்பும் இந்த ஏரி சுமார் 45,000 ஏக்கருக்குப் பாய்கிறது. 2004 முதல் இதன் தண்ணீர் குழாய்வழியே சென்னைக்கும் போகிறது. முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டம் உண்டு. ஏரிக்கும் அந்தப் பெயர்தான். பிராமணர்களுக்குக் கொடையளித்த பிரமதேயமாக அமைந்த வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துக்கும் அந்தப் பெயர்தான். அதுவே இன்றைய ஊர். வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் ஊர் என்று வைணவர்கள் வருகிறார்கள். ‘பொன்னியின் செல்வன்’ நாவல் இந்த ஏரிக்கரையில் தொடங்குவதால் கல்கியின் வாசகர்களும் வருகிறார்கள். இரு சாராரும் இவ்வூரின் உடையார்குடிப் பகுதியிலுள்ள அனந்தீசுவரர் கோயிலுக்குப் போய், கருவறைச் சுவரில் உள்ள ஒரு கல்வெட்டின் முன் சற்று நிற்க வேண்டும்.

இராசகேசரி என்ற பட்டம் கொண்ட சோழ மன்னன் ஒருவனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சொல்லும் கல்வெட்டு அது. அவன் முதலாம் இராசராசன் என்று கொண்டால் காலம் 987 வாக்கில் வரும். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. இதனால் இதைக் ‘கொலைக் கல்வெட்டு’ என்றே பலரும் பேசுகிறார்கள். நிதானமாகப் படித்தால் இது ஒரு நிலக் கிரயப் பத்திரம். மன்னனின் ஓலை ஊர்ச் சபைக்கு வருகிறது. துரோகிகளின் உடைமை கண்காணிப்போடு விலையாக வேண்டும் என்கிறது. வியாழ கஜமல்லப் பல்லவரையன் என்ற அதிகாரி பொன் கொடுத்து அந்த நிலத்தை வாங்கிக் கோயில் அறத்துக்கு எழுதிவைக்கிறான். கொலை எப்படி நடந்தது, யார் ஏவினார்கள், என்ன தண்டனை என்று ஒரு சொல்கூட இல்லை. யார் யார் உடைமை போகிறது என்பதில் மட்டும் அசாத்திய விவரம்: பிள்ளைகள், உடன்பிறந்தார், மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள்வரை பட்டியல் நீள்கிறது. பழிவாங்கும் வெறி என்று இதைச் சொல்வதுண்டு. அது இல்லாமலும் இருந்திராது. ஆனால் நாளைக்கு ஒரு பங்காளியோ மாப்பிள்ளையோ வந்து பாத்தியதை கேட்டால் கோயில் நிலத்துக்கு வில்லங்கம். அந்த வாயை அடைப்பதே பட்டியலின் வேலை என்று எனக்குப் படுகிறது.

கொலை நடந்தது 969 வாக்கில். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு கழித்தா நடவடிக்கை என்று கேட்பது நியாயமான கேள்விதான். இடையில் ஆண்ட உத்தம சோழன்மேல் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகம் கொண்டதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம். ஆனால் கிரயத் தேதி, குற்றவாளி பிடிபட்ட தேதி ஆகாது. ஒருவரைத் தண்டித்து வெகுகாலம் கழித்து அவர் சொத்து விலைபோவது எந்தக் காலத்திலும் நடக்கக்கூடியதுதான். உத்தமன் குற்றமற்றவன் என்று நான் வாதிடவில்லை. இந்தச் சுவரை அவனுக்கு எதிரான சாட்சியாக நிறுத்த முடியாது என்கிறேன்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நிலப் பத்திரத்தை வைத்து ஊர் வரலாற்றை எழுதினால், நிலம் வைத்திருந்தவர்களின் வரலாறுதானே கிடைக்கும்? உண்மைதான். அதே பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில், ஊர்ச் சபையின் குழுக்களான வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும் என்பது பொது விதி. உடையார்குடிச் சுவரிலும் கொடுத்தவர், விற்றவர், வாங்கியவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. சேற்றில் இறங்கி உழுதவருக்கு இல்லை. அந்தப் பக்கத்தை அறியக் கோயிலை விட்டு வெளியே வந்து வெகு பிந்தைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய மத்திய அரசு 1965இல் அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்த எல். இளையபெருமாள் இந்தக் காட்டுமன்னார்கோயில்காரர். அத்தகைய ஏடுகளில் ஒன்றான அக்குழுவின் அறிக்கை 1969இல் வந்தது. அனந்தீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் அதையும் தேடிப் படிக்கலாம்.