வண்ண விளக்கும் மன அமைதியும்



தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையும் எப்படி மின்னும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே போகிறவர் தூங்கவா போகிறார்? சேலை எடுக்க, பலகாரம் வாங்கப் போகிறார். மனம் துள்ள வேண்டும், துள்ளுகிறது. நல்லதுதான். ஆனால் அதே வண்ண விளக்கை இப்போது படுக்கையறைக்கும் கொண்டுவந்து விட்டோம். பாசார் மாலாமில் சுருள் சுருளாக விற்கிறார்கள். "நீலம் போட்டா மனசு அடங்கும்னு கடைக்காரர் சொன்னாரு டீச்சர்" என்றார் ஒரு தாயார். அவர் மகனோ காலை எட்டு மணிக்கே மேசையில் தலை சாய்க்கிறவன்.

நீலம் என்றதும் கடலும் வானமும் நினைவுக்கு வருகின்றன. குளிர்ச்சி என்று எண்ணிக்கொள்கிறோம். கண்ணுக்குள் நடக்கும் கணக்கு வேறு. காட்சிகளைப் பார்க்கும் உயிரணுக்கள் போக, இது பகலா இரவா என்று மூளைக்குச் சேதி அனுப்பும் தனி உயிரணுக்களும் விழித்திரையில் உண்டு. அவை ஒளியைத் தாமாகவே உணர்கின்றன என்பதை 2002-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினார்கள். ஏறத்தாழ 480 நானோமீட்டர் அளவுள்ள நீல ஒளியே அவற்றை மிகுதியாகத் தூண்டுகிறது. அது பட்டதும், இன்னும் பொழுது சாயவில்லை என்று மூளை எண்ணிக்கொள்ளும். இரவில் உடம்பைத் தூக்கத்திற்கு அழைக்கும் மெலட்டோனின் என்ற சுரப்பு குறைந்துவிடும். மங்கலான சிவப்பிலும் மஞ்சளிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மஞ்சளே ஆனாலும் பளிச்சென்று எரிந்தால் பயனில்லை.

அப்படியானால் நிறத்துக்கு மனத்தை அடக்கும் சக்தி இல்லையா என்று கேட்பீர்கள். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில், கடற்படைச் சிறை ஒன்றின் அறைச் சுவருக்கு இளஞ்சிவப்பு பூசினார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் அடங்கியது என்று பெரிய பேச்சு! பிறகு கவனமாகச் சோதித்தவர்கள் அந்தப் பலனைக் காணவில்லை. பிடித்த நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கலாம். அதை மருந்து என்று விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நம் தாத்தா பாட்டி காலத்து லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஜெனரேட்டர் மின்சாரம் வந்த பிறகும், பல தோட்டங்களில் இரவில் குறித்த நேரத்துக்கு நிறுத்திவிடுவார்கள். அந்த வறுமையை நான் புகழவில்லை. மங்கல் வெளிச்சத்தில் படிக்க முடியாமல் எத்தனையோ பிள்ளைகள் பின்தங்கினார்கள். ஆனாலும் பொழுது சாய்ந்ததை உடம்பு அறிந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவர் வேளையோடு கண்ணயர்ந்தார்.

நம் பிள்ளைகள் எழுவதும் இருட்டில்தான். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள். அதனால் இங்கே ஆண்டின் பெரும்பகுதி ஏழு மணிக்குப் பிறகே சூரியன் தலைகாட்டும். பிள்ளையோ ஐந்தரைக்கு எழுந்து பள்ளி வண்டிக்கு நிற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை நாளுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும். இரவு பதினொன்று வரை நீல விளக்கும் கைப்பேசியும் என்றால் மிச்சம் எத்தனை மணி? இதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

அடுத்த முறை விளக்கு வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது பகல்போன்ற வெள்ளை. படிக்கும் மேசைக்கு ஆகும். 2700 என்றால் மஞ்சள். படுக்கையறைக்கு அதை வாங்குங்கள். படிப்பு முடிந்ததும் வெள்ளையை அணைத்துவிட்டு, படுக்க ஒரு மணி நேரம் முன்பே மஞ்சளுக்கு மாறுங்கள். கைப்பேசி கூடத்திலேயே கிடக்கட்டும்.

வண்ணச் சுருளை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வெள்ளி கொடுத்து வாங்கியதை எறிய வேண்டாம். சிவப்பில் மங்கலாக வைத்து, பிள்ளை உறங்கியதும் அணைத்துவிடுங்கள். தீபாவளிக்கு வாசலில் கட்டி, இருக்கிற எல்லா நிறத்தையும் போட்டுக்கொள்ளலாம்.